சோக்கைத் தள்ளினால் அணைந்துவிடும் படகு இன்ஜின்: கார்புரேட்டரைத் தூக்கிப் போட வேண்டுமா?

கடிதத்தின் சுருக்கம்

நாகமரைப் பக்கமிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் வலை போட்டுப் பிழைக்கும் குடும்பம். அவருடைய அப்பா பல வருடங்களுக்கு முன்னால் நாகப்பட்டினத்திலிருந்து பழையதாக வாங்கி வந்த 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின்தான் (படகின் பின்புறத்தில் வெளியே மாட்டுவது) படகை ஓட்டுகிறது. அப்பா உடம்பு முடியாமல் படுத்ததும் இன்ஜின் ஒன்றரை வருடம் கொட்டகையில் கிடந்தது. டேங்கிலும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரிலும் பெட்ரோல் அப்படியே இருந்தது.

இப்போது சோக்கை இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, உள்ளே தள்ளினால் அணைந்துவிடுகிறது. பாதி சோக்கில் வைத்து ஓட்டினால் இன்ஜின் ஏறி இறங்கி ஓடுகிறது. வேகம் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் திறந்தால் புகை கக்குகிறது, ப்ளக் கரியாக வருகிறது. சில நாள் கால்மணி நேரம் ஓடிவிட்டு நடுத்தண்ணீரில் நிற்கிறது. தம்பியே கார்புரேட்டரைப் பிரித்து, தையல் ஊசியால் ஜெட்டை (பெட்ரோல் அளவாகப் போகும் துளையுள்ள பித்தளைத் துண்டு) குத்தி, இரவு முழுவதும் பெட்ரோலில் ஊறவைத்து மாட்டிப் பார்த்தார். பெரிய மாற்றம் இல்லை. அதன் பிறகு தருமபுரியில் ஒரு இருசக்கர வாகனப் பட்டறையில் கார்புரேட்டரைக் கொடுத்தார். முன்பணம் வாங்கிக்கொண்டு இரண்டு மாதம் வைத்திருந்தவர்கள், "இது செத்துப்போச்சு, பைக் கார்புரேட்டர் ஒன்றை மாட்டித் தருகிறோம்" என்கிறார்களாம். பழையதைத் திருப்பிக் கேட்டால் மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள் என்கிறார்களாம். பக்கத்து வீட்டு அண்ணன், "கடற்கரையில் ஓடிய இன்ஜின், நம்ம ஊர் மேட்டுப் பகுதி, ஜெட் மாற்றினால்தான் ஓடும்" என்று சொல்லியிருக்கிறார். பாதுகாப்புக்காக என்று பத்து லிட்டர் பெட்ரோலுக்கு அரை லிட்டர் பைக் ஆயில் கலக்கிறார். வீட்டில் இரண்டு பிளாஸ்டிக் கேனில் 40 லிட்டர் பெட்ரோல் இருக்கிறது. சாயங்காலங்களில் அக்கரை பண்ணவாடிக்குப் போக வேண்டியவர்களையும் சில நேரம் ஏற்றிக்கொள்கிறார்.

புது கார்புரேட்டர் வாங்கவா, பழையதைச் சரிசெய்யவா, பைக் கார்புரேட்டர் ஒத்துவருமா, கடைக்காரரிடம் என்ன பேசுவது? இவை அவருடைய கேள்விகள்.

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, இன்ஜின் எந்த நேரத்தில் என்ன செய்கிறது என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பதுதான். அதை வைத்தே பாதி பதில் சொல்லிவிடலாம். உங்கள் கார்புரேட்டர் செத்துப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்குள் இரண்டு வேறு கோளாறுகள் ஒரே நேரத்தில் இருக்கின்றன என்று நினைக்கிறேன். மூன்றாவதாக ஒன்று கார்புரேட்டருக்கு வெளியே இருக்கலாம்.

சோக் என்பது காற்று வரும் வழியை அடைப்பது. காற்றைக் குறைத்தால்தான் ஓடுகிறது என்றால், ஸ்லோவில், அதாவது த்ராட்டிலைத் திறக்காமல் மெதுவாக ஓடும்போது, பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். அங்கே பெட்ரோல் கொடுப்பது ஸ்லோ ஜெட்டும், த்ராட்டில் தகட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஊசிமுனை அளவுத் துளைகளும். ஒன்றரை வருடம் நின்ற பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசினாகக் காய்ந்து முதலில் அடைப்பது அந்தத் துளைகளைத்தான். முழு த்ராட்டிலில் கரிப்புகை வருவது இதற்கு நேர் எதிர். அங்கே பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வேகத்தில் பெட்ரோல் கொடுக்கும் மெயின் ஜெட்டை ஊசியால் குத்தியதில் துளை பெரிதாகியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நீங்கள் ஊற்றும் கூடுதல் ஆயிலும் புகையில் சேர்ந்துகொள்கிறது. கால்மணி நேரம் ஓடிவிட்டு நிற்பது இந்த இரண்டோடும் சேராத மூன்றாவது சங்கதி.

முதலில் வெளியே பாருங்கள்

பெட்ரோல் டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்னத் திருகு இருக்கும். படகை ஏற்றி இறக்கும்போது அதை மூடிவிட்டுத் திறக்க மறந்தால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, சரியாகக் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு இன்ஜின் நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் "உஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் காரணம் அதுதான். செலவே இல்லாத பழுது, அதனால் முதலில் இதைப் பாருங்கள்.

அடுத்தது ஹோஸ் நடுவில் இருக்கும் ரப்பர் கைப்பம்ப். இன்ஜின் அணையப் போகும் நேரத்தில் அதை அழுத்திக்கொண்டே இருங்கள். அழுத்தும்போது இன்ஜின் உயிர் பிடித்து ஓடினால் கார்புரேட்டர் மேல் பழி போட வேண்டாம், இன்ஜினில் உள்ள ஃபியூயல் பம்பின் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வுதான் தளர்ந்துவிட்டது. கைப்பம்ப் தானாகவே சப்பிப் போய்க் கிடந்தால் டேங்க் பக்கம் அடைப்பு. எவ்வளவு அழுத்தியும் அது கெட்டியாகாமல், கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால் ஃப்ளோட் நீடில் (உள்ளே மிதவையோடு ஏறி இறங்கி, பெட்ரோல் வரும் வழியை மூடும் ஊசி) மூடவில்லை.

டயாஃப்ரம் கிழிந்திருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பம்ப் இயங்குவது கிராங்க் தண்டு சுழலும் அறையான கிராங்க் கேஸில் ஏறி இறங்கும் அழுத்தத்தால். கிழிசல் வழியாகப் பெட்ரோல் நேரே கிராங்க் கேஸுக்குள் போய்விடும், அப்போதும் கரிப்புகை வரும். அதனால் கார்புரேட்டர் கிட் (மாற்ற வேண்டிய சிறு பாகங்களின் தொகுப்பு) வாங்கும்போது பம்ப் டயாஃப்ரமும் சேர்த்தே வாங்குங்கள்.

பழைய ஹோஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பங்குகளில் 2022-இல் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தது, 2025-இல் அது 20 சதவீதமானது. உங்கள் இன்ஜின் செய்யப்பட்ட காலத்து ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஹோஸின் உட்பக்கம் ஊறி, உதிர்ந்து, கருப்புத் துகளாக வந்து கார்புரேட்டரை மறுபடி அடைக்கும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். ஈரம் மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும், ஹோஸ் உறிஞ்சுவதும் அந்த அடியிலிருந்துதான். கார்புரேட்டரின் அடியில் உள்ள ஃப்ளோட் கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள். அடியில் தனிப் படலமாகவோ முத்து முத்தாகவோ நின்றால் தண்ணீர். அந்த டேங்கைக் காலி செய்து காயவைத்து, எத்தனால் தாங்கும் புது ஹோஸ் போட்ட பிறகுதான் கார்புரேட்டரைத் தொட வேண்டும். அழுக்கு டேங்கோடு சுத்தமான கார்புரேட்டரை இணைத்தால் வேலை வீண்.

ஊசி ஏன் கூடாது

தம்பி, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் நம் பட்டறைகளிலும் இது சாதாரணமாக நடக்கிறது, யாரும் தப்பு என்று சொல்வதில்லை.

கார்புரேட்டர் அளந்து ஊற்றும் கருவி. ஜெட் என்பது அந்த அளவு. பித்தளை மிருது, தையல் ஊசி எஃகு. 1 மி.மீ. துளை குத்திக் குத்தி 1.05 மி.மீ. ஆனால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் துளையின் பரப்பு பத்து சதவீதம் கூடிவிடும். விளிம்பில் கீறல் விழுந்தாலும் பெட்ரோல் பாயும் விதம் மாறிவிடும். சுத்தம் செய்வது என்றால் அளவை மாற்றாமல் அழுக்கை மட்டும் எடுப்பது.

பெட்ரோல் கூடினால் புகையும் கரியும், செலவும். பெட்ரோல் குறைந்தால்தான் இன்ஜினே போகும். டூ ஸ்ட்ரோக்கில் தனியாக ஆயில் சம்ப் கிடையாது. பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வேண்டிய ஆயில் பெட்ரோலோடு சேர்ந்துதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், அதோடு சூடும் ஏறும். பாதி சோக்கில் "எப்படியோ ஓடுகிறதே" என்று பாரம் ஏற்றி ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆக, அதாவது இறுகிப் பிடித்துக்கொள்ள, அதிக நேரம் ஆகாது. இதைச் சரிசெய்யும் வரை அந்த இன்ஜினைத் தண்ணீரில் இறக்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆயில் விஷயமும் இதே கணக்கில்தான் வருகிறது. அதிகம் ஊற்றினால் பாதுகாப்பு என்பது நல்லெண்ணத்தில் செய்யும் தப்பு. ஒரே துளை வழியாக ஆயில் அதிகம் போனால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவாகத்தான் போகும். 50-க்கு 1 கேட்கும் இன்ஜினுக்குப் பத்து லிட்டருக்கு 200 மில்லி போதும், 25-க்கு 1 கேட்கும் பழைய மாடலுக்கு 400 மில்லி. நீங்கள் ஊற்றுவது 20-க்கு 1. உங்கள் மாடலுக்கு எது என்பதை மாடல் எண்ணைச் சொல்லி உதிரிபாகக் கடையில் கேட்டு உறுதி செய்யுங்கள். பைக்குக்கான டூ-டி (2T) ஆயிலும் வேண்டாம். அது காற்றால் குளிரும், அதிகச் சூடேறும் இன்ஜினுக்கானது, எரிந்தபின் சாம்பல் விடும். தண்ணீரால் குளிரும் அவுட்போர்டுக்கு டி.சி.-டபிள்யூ 3 (TC-W3) என்று டப்பாவில் அச்சிட்ட ஆயில் இருக்கிறது, அதைத்தான் ஊற்ற வேண்டும்.

நாகப்பட்டினத்து இன்ஜின் என்பதால் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டும் மாடல்கள் நிறைய உண்டு. அவற்றில் கம்ப்ரஷன் குறைவு, கார்புரேட்டர் அமைப்பும் வேறு. உங்களுடையது அந்த வகையா என்று தெரியாமல் கிட்டும் ஜெட்டும் வாங்கினால் பொருந்தாது. தயங்கும் இடத்தில் இன்ஜின் கிளாம்ப் பக்கம் உள்ள தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன மேட்டுப் பகுதிக் கணக்கு, கொள்கையளவில் சரிதான். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். ஆனால் மேட்டூர் அணை நிரம்பி நிற்கும்போதும் அந்தத் தண்ணீர் கடல் மட்டத்துக்கு சுமார் 240 மீட்டர் மேலேதான் இருக்கிறது. அந்த உயரத்தில் இரண்டு மூன்று சதவீத சக்தி குறையும், அவ்வளவுதான். இதற்காக ஜெட்டை மாற்ற வேண்டியதில்லை. உங்கள் அப்பா இதே தண்ணீரில் இதே ஜெட்டோடுதானே இத்தனை வருடம் ஓட்டினார்.

பிரிப்பதும் கழுவுவதும்

கார்புரேட்டர் கைக்கு வந்ததும் திறந்தவெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் உட்காருங்கள். ஒரு வெள்ளைத் துணியோ எவர்சில்வர் தட்டோ விரித்துக்கொள்ளுங்கள். சின்ன ஸ்ப்ரிங்கும் வாஷரும் மண்ணில் விழுந்தால் கிடைக்காது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னால் போனில் படம் எடுங்கள், முக்கியமாக த்ராட்டில் கம்பிகள் கோத்திருக்கும் விதத்தை. அவுட்போர்டில் த்ராட்டில் திறப்பதும் ஸ்பார்க் முன்னேறுவதும் ஒரே இணைப்பில் நடக்கும். அது ஒரு துளை மாறி மாட்டப்பட்டாலும், நீங்கள் கார்புரேட்டரையே குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

ஸ்லோ கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதை மெதுவாக உள்ளே திருகி, அது உட்காரும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தி இறுக்கினால் கூர்முனை நசுங்கும். பட்டறையில் யாராவது திருகியிருக்கலாம் என்பதால் அந்த எண்ணை முழுதாக நம்ப முடியாது, ஆனாலும் எழுதிவையுங்கள். ஃப்ளோட் கிண்ணத்தின் திருகுகள் பழைய இன்ஜினில் பிடித்துக்கொண்டிருக்கும். அளவு சரியான ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருகுங்கள். தலை வழுக்கினால் அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்க வேண்டிவரும். ஜெட்டுக்கும் அதே கவனம் வேண்டும்.

கிண்ணத்துக்குள் பச்சைப் பாசி போல் இருந்தால் பித்தளை அரிப்பு. வெள்ளைப் பொடி இருந்தால் அலுமினியம் அரித்திருக்கிறது, உப்புத் தண்ணீரில் ஓடிய இன்ஜினில் இதை எதிர்பார்க்கலாம். பொடியைத் துடைத்துவிட்டு அடியில் குழி ஆழமாக இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். கேஸ்கட் உட்காரும் முகத்தில் குழி இல்லை என்றால் பயப்பட வேண்டாம்.

பெட்ரோலில் ஊறவைத்தால் காய்ந்த பிசின் கரையாது. இருசக்கர வாகன உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் கார்ப் கிளீனர் ஸ்ப்ரேதான் வேண்டும். ரப்பர், ஓரிங், டயாஃப்ரம், ஃப்ளோட் எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள், அந்த மருந்து அவற்றை உப்பவைத்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அவசியம். ஒரு துளையில் அடிக்கும்போது எதிர்பாராத இன்னொரு துளை வழியாக அது முகத்துக்கே பீய்ச்சும். அப்படிப் பீய்ச்சுவதுதான் அந்த வழி திறந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. ஸ்லோ வழியின் ஒரு முனையில் அடித்தால் த்ராட்டில் தகட்டுக்குப் பக்கத்துத் துளைகள் ஒவ்வொன்றிலும் நூல் போல் வர வேண்டும். வராவிட்டால் அடித்து, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மறுபடி அடியுங்கள். அதன் பிறகு பஞ்சர் கடை கம்ப்ரசரில் காற்றை எதிர்த்திசையிலிருந்து விடுங்கள். ஃப்ளோட் உள்ளே இருக்கும்போது காற்று அடிக்கக் கூடாது, அது நசுங்கும். அப்படியும் திறக்காத வழிக்கு நைலான் தூண்டில் நரம்பு ஒன்றை உள்ளே விட்டு எடுக்கலாம். அது பித்தளையைக் கீறாது, உங்கள் வீட்டில் நிறையவே இருக்கும்.

புளியும் எலுமிச்சையும் வேண்டவே வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்கு பளபளக்கிறதே என்று ஜெட்டையும் புளித்தண்ணீரில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அமிலம் கார்புரேட்டரின் அலுமினிய உடம்பைத் தின்னும், ஜெட்டின் அளவையும் மாற்றும். கழிவறை ஆசிட் இன்னும் மோசம்.

மெயின் ஜெட்டின் தலையில் ஒரு எண் பொறித்திருக்கும். அதே எண்ணில் புதிது வாங்கிப் போடுங்கள், ஊசி பட்ட பழையது திரும்பப் போக வேண்டாம். ஸ்லோ ஜெட்டையும் ஊசியால் தொட்டிருந்தால் அதுவும் புதிதாகட்டும். கிட்டில் வரும் ஃப்ளோட் நீடில், கேஸ்கட், ஓரிங் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். நாகப்பட்டினம், கடலூர், தூத்துக்குடி போன்ற துறைமுக ஊர்களில் அவுட்போர்டு உதிரிபாகம் விற்பவர்கள் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் சொன்னால் கூரியரில் அனுப்புவார்கள்.

ஃப்ளோட்டைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் அது ஓட்டை. மாட்டியபின் கார்புரேட்டர் உடம்பைத் தலைகீழாகப் பிடித்தால் பல மாடல்களில் ஃப்ளோட் கேஸ்கட் முகத்துக்கு இணையாக நிற்க வேண்டும், உங்கள் மாடலின் மி.மீ. அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். சரிசெய்ய வேண்டுமானால் ஃப்ளோட்டில் உள்ள சின்ன நாக்கை மட்டும் வளையுங்கள், நீடிலின் ரப்பர் முனையில் அழுத்தம் போகக் கூடாது. அப்புறம் பெட்ரோல் வரும் குழாயில் ஒரு சுத்தமான ஹோஸ் மாட்டி வாயால் ஊதுங்கள். நேராக வைத்தால் காற்று போக வேண்டும், தலைகீழாக வைத்தால் நின்றுவிட வேண்டும். இந்தச் சோதனையில் தேறாததை இன்ஜினில் மாட்டாதீர்கள்.

ஓட்டிப் பார்ப்பது

வறண்ட நிலையில் ஒரு நிமிடம்கூட ஓட்ட வேண்டாம். ஒன்றரை வருடம் கிடந்த வாட்டர் பம்ப் இம்பெல்லர் (தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம்) காய்ந்து மடங்கியிருக்கும், அதையும் மாற்றிவிடுவதுதான் நல்லது. பெரிய டிரம்மில், தண்ணீர் உறிஞ்சும் ஓட்டைகள் நன்றாக மூழ்கும் அளவுக்கு நிரப்பி ஓட்டுங்கள். பின்பக்கத்துச் சின்னத் துளையில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் பண்ணவாடி நந்தி சிலை தலைகாட்டும் அளவுக்கு அணை இறங்கும் மாதங்களில் நீங்கள் சேற்றுத் தண்ணீரில்தான் ஓட்டுவீர்கள், அப்போதும் இப்படிப் பீய்ச்சும் தண்ணீரின் மேல் கண் இருக்கட்டும்.

மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உட்காரவைத்து, சர்வீஸ் புத்தகம் சொல்லும் சுற்றுக்குத் திறந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அது ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருக்கும். இன்ஜின் நன்றாகச் சூடானபின் கால் கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பினால் தும்முவது போல் செய்து அணையப் பார்க்கும், அது பெட்ரோல் குறைவு. இன்னொரு பக்கம் திருப்பினால் கனமாக உருண்டு ஓடும், அது அதிகம். நடுவில் நல்லபடி ஓடும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து பெட்ரோல் கூடும் பக்கம் ஒரு துளி தள்ளி நிறுத்துங்கள். எந்தப் பக்கம் திருகினால் கூடும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஸ்க்ரூ காற்றை அளப்பதாக இருந்தால் உள்ளே திருகப் பெட்ரோல் கூடும். பெட்ரோலையே அளப்பதாக இருந்தால் உள்ளே திருகக் குறையும். பைக் மெக்கானிக்கின் பழக்கத்தை அப்படியே எடுத்து வந்தால் இங்கே தலைகீழாகப் போகலாம்.

டிரம்மில் கிடைத்த செட்டிங் கடைசி செட்டிங் அல்ல. கரையில் கட்டிய படகில், ஃபார்வர்டு கியரில், இன்னொரு முறை பாருங்கள். த்ராட்டிலைச் சட்டென்று திறந்தால் தடுமாறாமல் ஏற வேண்டும். பாரத்தோடு கொஞ்சம் ஓட்டி, உடனே நிறுத்தி, ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். வறுத்த காப்பிக்கொட்டை நிறம் நல்லது. ஈரக் கருப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்து வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு, அன்றைக்கு அந்த இன்ஜினை ஓட்டவே வேண்டாம்.

புதிது எப்போது வாங்கலாம்

கார்புரேட்டர் உடம்பில் விரிசல் இருந்தால், த்ராட்டில் தண்டு ஆடும் அளவுக்கு ஓட்டை தேய்ந்திருந்தால், கேஸ்கட் முகம் அரித்துக் குழியாகியிருந்தால் புதிது வாங்குவதுதான் சரி. இவை இல்லாமல் "செத்துப்போச்சு" என்று சொன்னால் எங்கே என்று காட்டச் சொல்லுங்கள். மலிவான நகல் கார்புரேட்டர் வாங்குவதாக இருந்தால் உள்ளே இருக்கும் ஜெட்டின் எண் உங்கள் பழைய எண்ணோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே மாட்டுங்கள்.

பைக் கார்புரேட்டர் வேண்டாம், தம்பி. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பைக்கில் பெட்ரோல் டேங்கிலிருந்து தானாக இறங்கும், அதன் நீடில் அந்த மெல்லிய அழுத்தத்துக்கானது. இங்கே பம்ப் தள்ளுகிறது. வழிந்தால் பெட்ரோல் இன்ஜின் மூடிக்குள்ளே சூட்டில் விழும், அங்கே ஸ்பார்க்கும் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதால் படகின் அடியிலேயே தங்கும். நடுத்தண்ணீரில் தீப்பிடித்தால் நீங்கள் குதிப்பதற்குத் தண்ணீரைத் தவிர இடம் கிடையாது. ஜெட் அளவும் பொருந்தாது, ஸ்பார்க் இணைப்பும் கோக்காது.

பட்டறைக்காரரிடம்

சண்டையாகத் தொடங்க வேண்டாம். செய்த வேலைக்கான கூலியைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 170-ஆவது பிரிவின்படி, தன் உழைப்பையும் திறமையையும் செலவிட்ட பொருளை அந்தக் கூலி கிடைக்கும் வரை அவர் பிடித்துவைக்கவும் செய்யலாம். "என் பொருளை அவர் வைத்திருக்கவே கூடாது" என்று நீங்கள் எழுதியது அந்த அளவில் சரியில்லை. ஆனால் அந்த உரிமை செய்த வேலைக்கு மட்டும்தான். செய்யாத வேலைக்கும், நீங்கள் ஒப்புக்கொள்ளாத பைக் கார்புரேட்டருக்கும் பணம் கேட்டுப் பிடித்துவைக்க முடியாது.

போய், என்ன வேலை செய்தீர்கள், எவ்வளவு என்று ஒரு சீட்டில் எழுதிக் கேளுங்கள். முன்பணத்தைக் கழித்து நியாயமான பாக்கி இருந்தால் கொடுத்துவிட்டு, கழற்றிய ஜெட், நீடில், ஸ்ப்ரிங் உட்பட எல்லாவற்றையும் எண்ணி வாங்குங்கள். நீங்கள் கொடுப்பதற்கு முன் எடுத்த படம் ஏதாவது போனில் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். பேச்சில் முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். அதற்கும் மேல் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சம்பவம் நடந்த இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. தொழிலுக்குப் பயன்படும் இன்ஜின் என்பதால் ஏற்கமாட்டார்கள் என்று யாராவது சொன்னால் மனம் தளர வேண்டாம். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்குப் பயன்படுத்துகிறவரைச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. இருந்தாலும் ஒரு கார்புரேட்டருக்காக மாதக்கணக்கில் அலைவதைவிட, கொஞ்சம் விட்டுக்கொடுத்து அதைக் கையோடு வாங்கி வருவது உங்களுக்கு லாபம் என்று நினைக்கிறேன். வலை காத்திருக்கிறது அல்லவா.

வீட்டில் இருக்கும் 40 லிட்டரும், ஏற்றிச் செல்லும் ஆட்களும்

உரிமம் இல்லாமல் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய பெட்ரோல் மொத்தம் 30 லிட்டர். அதையும் 25 லிட்டருக்கு மிகாத, இறுக மூடிய உலோகக் கலத்தில் வைக்க வேண்டும். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம் சொல்வது இது. பிளாஸ்டிக் கேன் அதில் இல்லை. சட்டத்தை விடுங்கள், படுத்திருக்கும் அப்பாவும் சமையல் அடுப்பும் இருக்கும் அதே வீட்டில் அந்தக் கேன்கள் இருக்கின்றன. இன்றைக்கே வெளியே எடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் எப்படியும் சேர்த்துவைக்கத் தக்கதல்ல. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். சில வாரம் படகு ஓடாது என்றால் கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

ஆட்களை ஏற்றுவதைப் பற்றி. இருட்டும் நேரத்தில் கரையில் ஒரு அம்மா கூடையோடு நின்றால் விட்டுவிட்டு வர மனம் வராது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் மீன்பிடிக்க வாங்கிய உரிமம் ஆள் ஏற்றுவதற்கான அனுமதி அல்ல. இன்ஜின் பூட்டி உள்நாட்டு நீரில் பயணிகளை ஏற்றும் படகுக்கு 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவும் ஆய்வுச் சான்றும் காப்பீடும் கேட்கிறது. ஏதாவது ஆகிவிட்டால் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் விழும். நின்று நின்று ஓடும் இன்ஜினோடு, காற்று எழுந்தால் அலையடிக்கும் அந்த அகன்ற நீர்ப்பரப்பில் நான்கு பேரை ஏற்றுவது, சட்டம் அனுமதித்தாலும் செய்யக் கூடாதது. துறையில் அனுமதியோடு ஓடும் படகைக் காட்டிவிடுங்கள். நீங்கள் தனியாகப் போகும்போதும் லைஃப் ஜாக்கெட்டும் இரண்டு துடுப்பும் படகில் இருக்கட்டும்.

கைப்பம்ப் சோதனையில் என்ன தெரிந்தது, மெயின் ஜெட்டிலும் ஸ்லோ ஜெட்டிலும் என்ன எண், இன்ஜின் தகட்டில் உள்ள மாடல் எழுத்துகள் என்ன, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அது மண்ணெண்ணெய் மாடலா, எந்தக் கிட் வாங்க வேண்டும் என்பதை அதை வைத்துச் சொல்கிறேன். அதுவரை பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டாம்.